லண்டன் எம்.எஸ்சி.க்காக வீட்டை அடகு வைக்கும் முன், கிண்டி வரை ஒரு நடை

மகளின் மேல்படிப்புக்கு யோசனை கேட்டு போன வாரம் கொளத்தூரிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி கடைசி வருடம் படிக்கும் மகள், கூடவே பெரியம்மா. பேச்சில் பாதிக்கு மேல் பெரியம்மாவுடையது. அவர் மகன் லண்டனில் எம்.பி.ஏ. முடித்து அங்கேயே செட்டில் ஆகிவிட்டான். இவளும் ஒரு வருடம் எம்.எஸ்சி. மேனேஜ்மென்ட் படித்துவிட்டால் போதும், மீதியை அவன் பார்த்துக்கொள்வான். செலவு 30 லட்சம். குடும்பத்துக்கு இருப்பது ஒரே வீடு. "பேங்க்ல வீட்டுப் பத்திரம் கேக்குறாங்க, வச்சிடலாமா சார்?" என்றார் அப்பா.

வேண்டாம் என்றேன். பெரியம்மா பக்கத்தில் இருந்ததால் காரணங்களை முழுதாகச் சொல்ல வாய்க்கவில்லை. சரி, இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கணக்கு, சார். 30 லட்சம், 11 சதவீத வட்டி, 10 வருடம் என்று வைத்தால் மாதத் தவணை 41,000 ரூபாய்க்கு மேல். படிக்கும் காலத்திலும் அதற்கடுத்த ஒரு வருடத்திலும் தவணை கேட்கமாட்டார்கள். ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதைக் கட்டாமல் விட்டால் அசலோடு சேரும், தவணை 50,000 பக்கம் போய்விடும். 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாக வங்கி சொத்து ஜாமீன் கேட்கும். உங்கள் பத்திரம் அதற்குத்தான். வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டென்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். அந்தச் சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும், அதுவும் 8 வருடத்துக்குத்தான். நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று ஏஜென்ட் கேட்டாரா?

அண்ணன் போன காலமும் இப்போது இல்லை. படிப்பு முடித்தவர்கள் அங்கே தங்கி வேலை தேட 2 வருடம் தந்தார்கள். 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம். உங்கள் மகள் இந்த வருடம் போனால் படித்து முடிப்பதே அதற்குப் பிறகுதான். அந்த 18 மாதத்துக்குள், கெமிஸ்ட்ரி படித்து ஒரு வருடம் மேனேஜ்மென்ட் படித்த, வேலை அனுபவமே இல்லாத பெண்ணை எந்தக் கம்பெனி வேலை விசாவுக்கு ஸ்பான்சர் செய்யும்? (லண்டன் லண்டன் என்கிறார்களே தவிர, ஏஜென்ட் காட்டிய காலேஜ் லண்டனிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கிறது.)

பேங்க் பரீட்சை, பி.எட்., டி.என்.பி.எஸ்.சி., இங்கேயே எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி, இதெல்லாம் உங்கள் தெருவிலேயே நாலு பேர் சொல்லித் தருவார்கள். நான் சொல்லவந்தது வேறு.

பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் மகளிடம் எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டேன். பாலிமர் என்றாள், பிளாஸ்டிக் போன்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைப் பற்றிய பாடம். அத்தோடு விடவில்லை. "ஷாம்பு பாட்டில் மூடியை எத்தனை தடவை திறந்து மூடினாலும் உடையல. டிபன் பாக்ஸ் கிளிப் மட்டும் ஏன் சார் ரெண்டு மாசத்துல உடையுது?" என்றாள். மேனேஜ்மென்ட் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. உங்களில் யாராவது கவனித்தீர்களா?

அவள் கேள்விக்குப் பதில் சொல்லித்தரும் இடம் கிண்டி தொழிற்பேட்டையில் இருக்கிறது. பெயர் சிபெட் (CIPET), பிளாஸ்டிக் தொழில்நுட்பம் சொல்லித்தரும் இடம். 1968-ல் சென்னையில் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். முன்பு பெயரில் பிளாஸ்டிக்ஸ் இருந்தது, இப்போது பெட்ரோகெமிக்கல்ஸ். போர்டைப் பார்த்துவிட்டு ஏதோ எண்ணெய்க் கம்பெனி என்று கடந்துபோகிறவர்கள் நிறைய. பத்தாவது முடித்தவர்களுக்கான மூன்று வருட டிப்ளமோ ஓரளவு தெரிந்தது. பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு பிளாஸ்டிக் பிராசஸிங், டெஸ்டிங்கில் இரண்டு வருட முதுநிலை டிப்ளமோ இருப்பது கெமிஸ்ட்ரி மாணவர்கள் பலருக்கே தெரியாது.

அங்கே என்ன படிப்பாள்? ஷாம்பு மூடியிலேயே தொடங்கலாம். அது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். உருகிய பிளாஸ்டிக் மெல்லிய கீல் வழியாகப் பாயும்போதும், சூட்டோடு முதல்முறை மடக்கும்போதும் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒரே திசையில் நீண்டு படுத்துவிடும். அதனால்தான் மடங்குமே தவிர ஒடியாது. வேறு பிளாஸ்டிக்கிலோ, அச்சைத் தப்பாக வடிவமைத்தோ செய்தால் பத்தாவது நாள் கையோடு வந்துவிடும்.

தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் இன்னும் சுவாரசியம். அந்தக் குருணை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நன்றாக உலர்த்தாமல் மெஷினில் போட்டால், அந்தச் சூட்டில் ஈரம், சங்கிலியைக் கோத்து வைத்திருக்கும் எஸ்டர் பிணைப்புகளை வெட்டிவிடும். சங்கிலி குட்டையாகி பாட்டில் பலமிழக்கும். இரண்டாம் வருடப் புத்தகத்தில் நீராற்பகுப்பு என்று மனப்பாடம் செய்தாளே, அதுதான். தொழிற்சாலையில் ஒரு ஷிப்ட் உற்பத்தி முழுவதும் ரிஜெக்ட் ஆகும் காரணம் அது.

லேபில் மெல்ட் ஃப்ளோ என்று ஒரு சோதனை. பாலிப்ரொப்பிலீனை 230 டிகிரியில் உருக்கி, 2.16 கிலோ எடையை மேலே வைத்து, சிறு துளை வழியாக 10 நிமிடத்தில் எத்தனை கிராம் வழிகிறது என்று நிறுத்துப் பார்ப்பார்கள். அந்த எண்ணை வைத்தே இந்த லாட் (ஒரே தடவையில் வந்த சரக்கு) பம்பருக்கு ஆகுமா, பக்கெட்டுக்கு ஆகுமா என்று முடிவாகும். காலேஜ் லேபில் பியூரெட்டைப் பொறுமையாகப் பிடித்துப் பழகிய கைக்கு இது நன்றாக வரும்.

வேலைக்கு ஊரைத் தாண்ட வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், அம்பத்தூர், திருமுடிவாக்கம் என்று சுற்றிலும் கார் பாகங்களும் பேக்கேஜிங்கும் செய்யும் யூனிட்டுகள். அங்கே குவாலிட்டி, டெஸ்டிங், பிராசஸ் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். "பிளாஸ்டிக்கைத்தான் தடை பண்ணிட்டாங்களே" என்று பெரியம்மா கேட்டார். 2019 ஜனவரியில் இங்கே தடை செய்தது கேரி பேக், உறிஞ்சுகுழல் போன்ற தூக்கியெறியும் 14 வகைப் பொருட்களை. சிரிஞ்சையும் கார் டேஷ்போர்டையும் யாரும் தடை செய்யவில்லை. 2022-ல் வந்த மத்திய அரசு விதிகள் பேக்கேஜிங் கம்பெனிகள் மறுசுழற்சி செய்ததையும் கலக்க வேண்டும் என்கின்றன. பழைய பிளாஸ்டிக் லாட்டுக்கு லாட் குணம் மாறும். சோதிக்கத் தெரிந்தவருக்கு வேலை கூடுமே தவிர குறையாது.

குறையும் சொல்ல வேண்டும். ஆரம்பச் சம்பளத்தைப் பார்த்தால் ஐ.டி.க்குப் போன தோழி சிரிப்பாள். மெஷின் பக்கம் சூடு, சத்தம். சில இடங்களில் ஷிப்ட் உண்டு. நைட் ஷிப்டுக்கு வண்டி உண்டா என்று கேட்டுத்தான் சேரவேண்டும். "பொம்பளப் புள்ளைக்கு மெஷின் வேலையா?" என்றால், லேபும் குவாலிட்டியும் இருக்கிறது. மெஷின்தான் பிடிக்கிறது என்று அவள் சொன்னால் அதற்கும் தடை சொல்லாதீர்கள். சீமைக்குப் போகிற ஆசை அவளுக்கே இருந்தால், இரண்டு மூன்று வருட அனுபவத்தோடு இதே துறையில் விண்ணப்பிக்கட்டும், ஸ்காலர்ஷிப்பும் தேடட்டும். அப்போது உங்கள் வீடு இதில் வரவேண்டிய அவசியம் குறையும்.

சிபெட்டில் இரண்டு வருடக் கட்டணம் முழுவதையும் கூட்டினாலும், வங்கி சொத்து ஜாமீன் கேட்கும் அந்த 7.5 லட்சத்தின் கிட்டத்தில்கூட வராது. ஹாஸ்டலும் வேண்டாம், திருமங்கலத்தில் மெட்ரோ ஏறி ஈக்காட்டுத்தாங்கலில் இறங்கினால் பக்கம்.

நுழைவுத் தேர்வு உண்டு, கடைசித் தேதியை அவர்கள் இணையதளத்தில் இன்றே பாருங்கள். அதற்கு முன் ஒரு வேலைநாளில் அப்பாவும் மகளும் மட்டும் நேரில் போய் வாருங்கள். போன பேட்ச் மாணவர்களிடம் எந்தக் கம்பெனி வந்தது, கையில் வரும் சம்பளம் எவ்வளவு, பெண்களை எந்தப் பிரிவில் எடுத்தார்கள் என்று அவளே கேட்கட்டும். ஆபீஸில் தரும் பிரசுரத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம். சுற்றிப் பார்த்தபின் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், வேறு பேசுவோம். பிடித்திருந்து இடம் மட்டும் கிடைக்கவில்லை என்றால், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் பாலிமர் சயின்ஸ் துறை இருக்கிறது; அங்கே எம்.எஸ்சி.க்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள். பெரியம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.