பதில்: பிள்ளைகளை விஞ்ஞானக் கூடத்துக்குக் கூட்டிப்போக வழியில்லை

வணக்கம் ரீச்சர். தரம் 8 பிள்ளைகளைத் தொட்டுப் பார்த்துப் படிக்கிற விஞ்ஞானக் கூடத்துக்குக் கூட்டிப்போக பஸ் காசுகூட இல்லை என்று எழுதியிருந்தீர்கள். சரி, வகுப்பறையையே கூடமாக்குங்கள். அறையை நன்றாக இருட்டாக்கி, முற்றத்துப் பக்க யன்னலைக் கறுப்பு மட்டையால் மூடி, ஒரு சென்ரிமீற்றர் அளவில் துளை போடுங்கள். நல்ல வெயிலில் வெளியே நிற்கும் பனை உள்ளே வெள்ளைத் தாளில் தலைகீழாக விழும், நிறத்தோடு! ஓலை ஆடுவதும் தெரியும். காரணத்தை உடனே சொல்லிவிடாதீர்கள், அவர்களே யோசிக்கட்டும்.

சான் பிரான்சிஸ்கோவில் ஃபிராங்க் ஒப்பன்ஹைமர் 1969இல் தொடங்கிய எக்ஸ்புளோரட்டோரியம் என்ற விஞ்ஞானக் கூடம், இப்படி மலிவுப் பொருள்களில் செய்யக்கூடிய சோதனைகளை இணையத்தில் இலவசமாகத் தருகிறது.

பிறகு, ஓகஸ்ட் 28 அளவில் யாழ்ப்பாணத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். மதியம் 12.10 அளவில், நிமிர்த்தி நட்ட கம்புக்கு நிழலே இராது. அதையும் காட்டுங்கள்.