பதில் போடாத மின்னஞ்சல் – கடிதம்

ஐயா, வணக்கம்.

உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். எழுத நினைத்து நினைத்துத் தள்ளிப்போய்விட்டது. இப்போது எழுதுவதும் அதைப் பற்றித்தான்.

அலுவலகத்தில் என்மேல் எந்தப் புகாரும் கிடையாது. அடுத்தவர் கேட்ட வேலையை அன்றே முடித்துக் கொடுத்துவிடுவேன். சொந்த வேலை என்று வந்தால் மட்டும் இழுத்தடிப்பு. கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் தன் கட்டுரைகளைத் தொகுத்து, ‘என்ன தோன்றுகிறதோ எழுதும்மா’ என்று மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். ‘கிடைத்தது சார்’ என்றுகூடப் பதில் போடவில்லை. படித்துவிட்டுச் சேர்த்தே எழுதலாம் என்று விட்டேன். நான்கு மாதம் ஓடிவிட்டது. போன ஞாயிறன்று எப்படியும் எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன். எழுந்தபோது கணினியில் இருந்த பத்து வருடப் புகைப்படங்களும் ஆண்டுவாரியாக அடுக்கியிருந்தன. பதில் மட்டும் எழுதவில்லை.

நேர மேலாண்மை பற்றிய காணொளிகள் நிறையப் பார்த்துவிட்டேன். நினைவூட்டும் செயலிகள் மூன்று வைத்திருக்கிறேன். அதிகாலையில் எழுந்தால் சரியாகும் என்கிறார்கள். நான் சோம்பேறிதானா? பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

பத்து வருடப் படங்களை ஒரே நாளில் அடுக்கி முடித்தவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சோம்பேறி படுத்திருப்பார். நீங்கள் அன்று நன்றாகவே உழைத்திருக்கிறீர்கள், அந்த ஒரு வேலையை விட்டுவிட்டு.

என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். மின்னஞ்சலைத் திறக்கிறீர்கள். அனுப்பிய தேதி கண்ணில் படுகிறது. வயிற்றில் ஒரு பிசைவு. ‘சார் என்ன நினைத்திருப்பார்?’ உடனே இன்னொன்று: ‘அவர் எழுத்தைப் பற்றிச் சொல்ல நான் யார்?’ கை தானாக அதை மூடுகிறது. மூடியதும் அப்பாடா என்று இருக்கிறது. அந்த ‘அப்பாடா’தான் விஷயமே. மூடினால் நிம்மதி என்று மனம் பழகிக்கொள்கிறது, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் மூடவைக்கிறது. ஃபுஷியா சிரோய், டிமோதி பிச்சில் என்ற உளவியலாளர்கள் 2013இல் எழுதிய கட்டுரையின் வாதமும் இதுதான். அப்போதைய மனக்கசப்பிலிருந்து தப்பிக்கத்தான் வேலையை நாளைக்குத் தள்ளுகிறோம். விலையை நாளைய நாம் கொடுக்கிறோம். நாளைக்கு உட்காரப்போகிறவர் நம்மைவிடத் தைரியசாலி என்று ஏனோ ஒரு நம்பிக்கை வேறு.

செயலிகள் ஞாபகப்படுத்தத்தான் செய்யும். நீங்கள் மறந்துபோய் எழுதாமல் இல்லையே! அந்த மூன்றையும் அழித்துவிட்டாலும் நஷ்டமில்லை. அதிகாலையில் எழுவது தூக்கத்தைக் கெடுக்காதவரை நல்லது. ஆனால் ஐந்து மணிக்கு எழுந்தாலும் அந்த மின்னஞ்சலைப் பார்த்தால் வயிறு பிசையத்தான் செய்யும்.

பதில் போடாத கடிதத்துக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. முதல் நாள் ‘கிடைத்தது சார், படிக்கிறேன்’ என்றால் போதும். ஒரு வாரம் போனால் கூடவே ஒரு மன்னிப்பு வேண்டும். ஒரு மாதம் போனால் காரணமும் சொல்லியாக வேண்டும். நான்கு மாதம் ஆனபின், பிரமாதமாக ஒரு மதிப்புரை எழுதினால்தான் அவர் முகத்தில் விழிக்க முடியும் என்று ஆகிவிடுகிறது. அவர் கேட்டதோ ‘என்ன தோன்றுகிறதோ’ அதை. மதிப்புரை என்பது நீங்களே உங்களுக்குப் போட்டுக்கொண்ட அபராதம்.

தன்னைத் திட்டிக்கொண்டால் திருந்திவிடலாம் என்று நம்மில் பலருக்கு நினைப்பு. உங்கள் கடிதத்திலும் அது தெரிகிறது. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் பிச்சிலும் சேர்ந்து முதலாண்டு மாணவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்கு அவ்வளவாகத் தள்ளிப்போடவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. திட்டத் திட்ட அந்த வேலைமேல் கசப்பு ஏறுகிறது, ஏற ஏற அதன் பக்கம் போகவே பிடிக்காது.

சரி, என்ன செய்யலாம்? இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் கைபேசியிலேயே இதை அனுப்பிவிடுங்கள்: ‘வணக்கம் சார். பதில் போட மிகவும் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். இன்னும் படிக்கவில்லை. ஒரு கட்டுரையாவது படித்துவிட்டு வரும் ஞாயிறு மாலை எழுதுகிறேன்.’ அவ்வளவுதான். காரணம் எழுதாதீர்கள். எழுத ஆரம்பித்தால் அதை ஒரு முறை திருத்துவீர்கள், மறுபடி திருத்துவீர்கள், அப்புறம் அது வரைவுகளில் போய்க் கிடக்கும். பிசைவு போகட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். அது இருக்கும்போதே அனுப்பலாம்.

ஞாயிறு மாலை என்றால் எத்தனை மணி, எந்த இடம் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளரும் ஒரு சக ஆய்வாளரும் மாணவர்களிடம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதி அனுப்பச் சொன்னார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்பே குறித்துக் கொடுத்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் கெடுவுக்குள் எழுதினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். 1997இல் வெளியான ஆய்வு இது. பார்க்க அற்பமான வித்தை, ஆனால் நேரம் வரும்போது ‘இப்போது எழுதலாமா?’ என்று மனதோடு பேரம் பேசும் வேலை மிச்சம்.

எல்லா வேலையும் இப்படி நின்றுபோய், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

ஒன்று மட்டும் நேர்மையாக யோசித்துப் பாருங்கள். அந்தக் கட்டுரைகளைப் படிக்க உங்களுக்கு ஆசை இருக்கிறதா? இல்லையென்றால் நீங்கள் எதையும் தள்ளிப்போடவில்லை, ‘முடியாது’ என்று சொல்லத் தயங்கிக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியானால் மேலே எழுதிக்கொடுத்ததில் கடைசி வரியை எடுத்துவிட்டு, ‘இப்போது படிக்க இயலாத நிலை சார்’ என்று போடுங்கள். அவருக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கலாம். பதிலே வராமல் நான்கு மாதம் இருந்ததைவிட அது பெரிய வருத்தமாக இருக்காது.

ஆசை இருந்தால், தொகுப்பில் எது ஆகச் சிறிய கட்டுரையோ அதை எடுங்கள். வரிசையாகப் படிக்கச் சொல்லி அவர் கேட்கவில்லையே.

அன்புடன்