வாசகர் கேள்வி: திசை மாறும் காற்றில் விண்ட்சர்ஃபிங்

கேள்வி: 2024 ஒலிம்பிக்கில், பிரான்சின் மார்செய் கடலில் நடந்த மகளிர் விண்ட்சர்ஃபிங் (பாய் பொருத்திய பலகையில் நின்று காற்றின் விசையால் நீரில் செல்லும் விளையாட்டு) போட்டியின் தொடக்கச் சுற்றுகளில் முதலிடம் பெற்ற பிரிட்டனின் எம்மா வில்சனுக்கு வெண்கலம்தான் கிடைத்தது. மாறும் காற்றை வீரர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

பதில்: எதிர்க்காற்றில் நேராகச் செல்ல இயலாது என்பதால், வீரர்கள் இடமும் வலமுமாக மாறி மாறித் திரும்பியே இலக்கு மிதவையை அடைகிறார்கள். கரையோரக் காற்று திசை மாறும்போது, பலகையின் முனை மிதவையை விட்டு விலகினால் மறுபக்கம் திரும்புவதும், அதை நோக்கி நெருங்கினால் அதே போக்கில் நீடிப்பதும்தான் அடிப்படை உத்தி. நீர்ப்பரப்பில் கருமையாக நகர்ந்து வரும் சிற்றலைத் திட்டு வேகக்காற்றின் அடையாளம் என்பதால், தேர்ந்தவர்கள் அதைத் தேடிச் செல்வார்கள். வில்சன் பல சுற்றுகளில் சேர்த்த முன்னிலை, மூவர் மட்டுமே மோதிய இறுதிப் பந்தயத்தில் கணக்கில் வரவில்லை. இத்தாலியின் மார்ட்டா மாஜெட்டி தங்கம் வென்றார். நிலையற்ற காற்றில் ஒரே பந்தயம் பதக்கத்தைத் தீர்மானிப்பது நியாயமன்று என்றே கருதுகிறேன்.