சிஎஃப்-ஆ, சி-எஃப்-ஆ: அந்த பீவர் விமானம் ஒன்றா, இரண்டா?

பழைய புகைப்படத்திலும் ஒரு நிறுவனத்தின் ஏட்டிலும் பதிவுக் குறி சற்றே மாறியிருக்கும் பீவர் (கனடாவில் தயாரான சிறு விமானம்) ஒன்றா, இரண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே விமானமாகத்தான் இருக்க வேண்டும். 1978 என்று குறித்த படத்தில் குறி "சிஎஃப்-" (CF-) என்றும், சார்ட்டர் (வாடகை விமான) நிறுவனத்தின் ஏட்டில் "சி-எஃப்" (C-F) என்றும் தொடங்கி இருப்பதாகச் சொல்கிறீர்கள். மற்ற மூன்று எழுத்தும் ஒன்றுதானே? 1974-இல் கனடா பதிவு முறையை மாற்றியபோது பழைய எழுத்துகளை அப்படியே விட்டு, நடுவிலுள்ள சிறு கோட்டின் (-) இடத்தை மட்டும் மாற்றியது.

அப்புறம் ஏன் 1978-இல் பழைய குறி? மறுபடி வண்ணம் பூசும் வரை பழையதையே விட்டிருக்கலாம். ஏரிகளில் மிதவையோடு இறங்கும் சிறு நிறுவனங்கள் அதற்கெல்லாம் அவசரப்பட்டிருக்காது. படத்தின் ஆண்டைப் பின்னால் யாராவது நினைவிலிருந்து எழுதியிருக்கவும் கூடும்.

பதிவுக் குறியை விட்டுவிட்டு, தயாரிப்பாளர் தந்த வரிசை எண்ணைத் தேடுங்கள். விமானம் எத்தனை கை மாறினாலும் அது மாறாது. பீவர் 1947-இல் முதலில் பறந்தது. 1967 வரை 1,600-க்கு மேல் கட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. பராமரிப்புப் புத்தகத்திலும் கனடா அரசின் பழைய பதிவேட்டிலும் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: நீக்கப்பட்ட குறியை வேறு விமானத்துக்கு மறுபடி கொடுப்பதும் உண்டு. வரிசை எண் பொருந்தும் வரை "ஒரே விமானம்" என்று வரலாற்றில் எழுதிவிடாதீர்கள்.