கேள்வி பதில்: கொல்லன் வீட்டுப் பிள்ளைகள்

ரஷ்யக் குடும்பப்பெயர்கள் பல தொழிலிலிருந்து பிறந்தவை என்று சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே குறிப்பிட்டிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குஸ்னெட்சோவ் என்ற ஒரே பெயரைப் பற்றிக் கேட்டிருந்தன. அவற்றுக்கு மட்டுமே இம்முறை விடையளிக்கிறேன்.

கேள்வி: விமானந்தாங்கிக் கப்பல், டென்னிஸ் வீராங்கனை, பழைய பீங்கான் தட்டு என எங்கு பார்த்தாலும் குஸ்னெட்சோவ் என்ற பெயர் கண்ணில் படுகிறதே! அதற்கு என்ன பொருள்? இத்தனை பேருக்கு அது எப்படி வந்தது?

பதில்: 'குஸ்னெட்ஸ்' என்றால் ரஷ்ய மொழியில் கொல்லன். இரும்பை உலையில் காய்ச்சி, பட்டறைக் கல்லில் வைத்து அடிப்பவன். அச்சொல்லுடன் சேரும் 'ஓவ்' என்ற ஈறு உடைமையைக் காட்டுவது. எனவே குஸ்னெட்சோவ் என்பதற்குக் 'கொல்லன்' என்று பொருள் கொள்வதைவிடக் 'கொல்லனுடைய' என்று கொள்வதே சரி. தெருவில் விளையாடும் சிறுவனைப் பார்த்து ஒரு பெரியவர் "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டால், அந்தக் கேள்விக்குப் பையன் சொல்லக்கூடிய விடைதான் இப்பெயர்.

கொல்லர்கள் எண்ணிக்கையில் மிகுந்திருந்ததால்தான் இப்பெயர் பெருகியது என்று பலரும் நினைக்கிறார்கள். நடந்தது நேர்மாறானது. ஓர் ஊரில் எல்லாரும் உழவர்களாக இருக்கும்போது 'உழவன் மகன்' என்ற அடையாளம் யாரையும் தனியே சுட்டிக் காட்டாது. கொல்லனோ பெரும்பாலும் ஊருக்கு ஒருவன். கலப்பையின் கொழு, குதிரை லாடம், கோடரி, அரிவாள், ஆணி எதுவானாலும் ஊர் முழுவதும் அவனிடம் போய்த்தான் நிற்க வேண்டும். மர வீடுகள் நிறைந்த ரஷ்யக் கிராமத்தில் தீப்பொறி தெறித்து ஊரே பற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அவனுடைய உலைக்களத்தை வீடுகளிலிருந்து விலக்கி ஊரின் ஓரத்தில் அமைப்பது வழக்கம். இடத்தாலும் தொழிலாலும் அவன் தனித்துத் தெரிந்தான். ஆகவே 'கொல்லன் வீட்டார்' என்று சொன்னால் ஊரில் எல்லாருக்கும் புரிந்தது. இப்படி ஆயிரக்கணக்கான ஊர்களில், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல், அதே பெயர் மறுபடி மறுபடி பிறந்தது.

பேச்சு வழக்கில் இருந்த இந்த அடையாளம் பதிவேட்டுக்குள் ஏறியது பின்னாளில்தான். பிரபுக்களுக்கும் வணிகர்களுக்கும் முன்பே நிலையான குடும்பப்பெயர்கள் இருந்தன. ஆனால் 1861இல் பண்ணை அடிமை முறை ஒழிக்கப்பட்ட காலத்தில்கூட விவசாயக் குடும்பங்கள் பலவற்றுக்கு அப்படியொரு பெயர் எழுத்தில் இல்லை. குடும்பப்பெயர் வைத்துக்கொள்வது உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும் என்று 1888இல் பேரரசின் உயர் அமைப்பான செனட் ஆணையே பிறப்பிக்க வேண்டியிருந்தது. 1897இல் ரஷ்யப் பேரரசின் முதல் பொது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. எழுத்தர் பெயர் கேட்டபோது, ஊரார் காலங்காலமாகச் சொல்லி வந்ததே பல வீடுகளில் நிலையான பெயராகத் தாளில் ஏறியது.

கேள்வி: டென்னிஸ் வீராங்கனை ஸ்வெத்லானா மட்டும் ஏன் குஸ்னெட்சோவா?

பதில்: இப்பெயர் இலக்கணப்படி ஓர் உடைமைப் பெயரடை. ரஷ்ய மொழியில் பெயரடை, தான் தழுவும் பெயரின் பாலுக்கேற்ப ஈறு மாறும். ஆகவே மகன் குஸ்னெட்சோவ், மகள் குஸ்னெட்சோவா, குடும்பத்தார் அனைவரும் சேர்ந்து குஸ்னெட்சோவி.

நீங்கள் குறிப்பிட்ட வீராங்கனை 1985இல் அன்றைய லெனின்கிராடில் பிறந்தவர். 2004இல் அமெரிக்க ஓப்பன் இறுதியாட்டத்தில் எலேனா தெமென்தியேவாவையும், 2009இல் பிரெஞ்சு ஓப்பன் இறுதியாட்டத்தில் தினாரா சஃபினாவையும் வென்றவர். தந்தை மிதிவண்டிப் பந்தயப் பயிற்சியாளர். தாய் கலீனா சார்யோவா அதே விளையாட்டில் ஆறு முறை உலக வாகை சூடியவர். அந்த வீட்டில் பிறந்தவர் டென்னிஸ் மட்டையைக் கையில் எடுத்தது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது.

கேள்வி: கடற்படைத் தளபதி நிக்கொலாய் குஸ்னெட்சோவும் ஜெர்மன் அதிகாரி வேடத்தில் உளவு பார்த்த நிக்கொலாய் குஸ்னெட்சோவும் ஒருவரா, உறவினர்களா? விண்கல எஞ்சின் பற்றிய ஒரு கட்டுரையிலும் அதே பெயரைப் படித்துக் குழம்பிப் போனேன்.

பதில்: மூவரும் வேறு வேறானவர்கள். குழப்பத்தைத் தீர்க்க ரஷ்யர்கள் நம்புவது குடும்பப்பெயரை அன்று. நடுவில் வரும் தந்தைவழிப் பெயரை. தளபதி நிக்கொலாய் கெராசிமோவிச், அதாவது கெராசிமின் மகன். உளவாளி நிக்கொலாய் இவானோவிச். எஞ்சின் வடிவமைப்பாளர் நிக்கொலாய் திமீத்ரியெவிச். நடுப்பெயரை விட்டுவிட்டு எழுதும் பழக்கம் நம் பத்திரிகைகளில் பரவிவிட்டது. இத்தகைய மயக்கங்களுக்கு அதுவே காரணம் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

தளபதி 1904இல் வட ரஷ்யாவின் ஆர்ஹாங்கெல்ஸ்க் பகுதிக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். 1939இல், முப்பத்தைந்து வயது நிறைவதற்குள், சோவியத் கடற்படையின் மக்கள் ஆணையர், அதாவது அமைச்சர், ஆனார். 1941 ஜூன் 21ஆம் தேதி இரவு, ஜெர்மானியத் தாக்குதலுக்குச் சில மணி நேரம் முன்பு, கடற்படைப் பிரிவுகளை முழு ஆயத்த நிலைக்குக் கொண்டுவர ஆணையிட்டவர் அவரே. விடியுமுன் கருங்கடல் துறைமுகமான செவஸ்தோபோல் மீது எதிரி விமானங்கள் வந்தபோது அங்கிருந்த பீரங்கிகள் உறங்கிக் கிடக்கவில்லை. அத்தகைய மனிதரை அரசு இருமுறை பதவி இறக்கியது. முதல்முறை 1948இல், அதிலிருந்து மீண்டு 1951இல் கடற்படை அமைச்சராகி, 1955இல் மிக உயர்ந்த கடற்படைப் பட்டத்தையும் பெற்றார். அதே ஆண்டு அக்டோபரில் செவஸ்தோபோல் துறைமுகத்தில் 'நோவோரொஸிஸ்க்' என்ற போர்க்கப்பல் வெடித்து அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். அப்போது அவர் நோயுற்று விடுப்பில் இருந்தார். ஆயினும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. 1956இல் துணை அட்மிரலாக இறக்கப்பட்டு ஓய்வுக்கு அனுப்பப்பட்டார். 1974இல் இறந்தார். பறிக்கப்பட்ட பட்டம் 1988இல்தான் திரும்ப வழங்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. ரஷ்யாவின் விமானந்தாங்கிக் கப்பல் தாங்கியிருப்பது இவர் பெயரை. 'ரிகா', 'லியோனித் பிரெஷ்னெவ்', 'திபிலிசி' என்று மூன்று பெயர்களைக் கடந்து 1990இல் அது இப்பெயருக்கு வந்து சேர்ந்தது.

மற்ற இருவரும் ஒரே ஆண்டில், 1911இல் பிறந்தவர்கள். பெயர் மயக்கத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! நிக்கொலாய் இவானோவிச் யூரல் பகுதிக்காரர். ஜெர்மன் மொழியைத் தாய்மொழிபோல் பேசியவர். நாஜிகள் பிடித்து வைத்திருந்த உக்ரைனின் ரோவ்னோ நகரில் பவுல் சீபெர்ட் என்ற ராணுவ அதிகாரியாக நடமாடி, 1943 நவம்பரில் இல்கென் என்ற ஜெர்மன் தளபதியைக் கடத்தினார். 1944 மார்ச்சில் மேற்கு உக்ரைனில் உயிரிழந்தார்.

நிக்கொலாய் திமீத்ரியெவிச்சின் பணியிடம் வோல்கா நதிக்கரையில் உள்ள சமாரா. அவர் காலத்தில் குய்பிஷெவ் என்று பெயர். அவருடைய எஞ்சின்களுக்கு 'என்கே' என்ற முன்னெழுத்துகள் வந்தது அவர் பெயரிலிருந்துதான். டியூ-95 குண்டுவீச்சு விமானத்தை இன்றும் இழுத்துச் செல்வது அவருடைய குழுவினர் உருவாக்கிய என்கே-12. நிலவுப் பயணத்துக்கான என்1 ராக்கெட்டின் முதல் அடுக்கில் அவர்கள் செய்த முப்பது எஞ்சின்கள் இருந்தன. 1969 முதல் 1972 வரை நான்கு முறை ஏவியும் நான்கும் தோல்வியடைந்தன. அந்த எஞ்சினைச் செம்மைப்படுத்தி உருவாக்கிய என்கே-33 பறப்பதற்குள் திட்டமே கைவிடப்பட்டது. எஞ்சின்களை அழித்துவிடச் சொன்னார்கள். அவை அழிக்கப்படாமல் கிடங்கில் காத்துக் கிடந்தன. தொண்ணூறுகளில் அமெரிக்கர்கள் சிலவற்றை வாங்கினார்கள். 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் அன்டாரெஸ் ராக்கெட்டும், அதே ஆண்டு டிசம்பரில் ரஷ்யாவின் சோயூஸ் ராக்கெட் வகை ஒன்றும் அந்த எஞ்சின்களால் மேலெழுந்தன. வடிவமைப்பாளர் 1995இலேயே காலமாகிவிட்டார். 2014இல் அன்டாரெஸ் ஒன்று ஏவியவுடன் வெடித்ததால் அமெரிக்கர்கள் அவற்றைக் கைவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும், நாற்பது ஆண்டுகள் துணி போர்த்திக் கிடந்த உலோகம் மறுபடி நெருப்பைக் கக்கியது என்பதை நினைக்கையில், கொல்லன் பெயர் அவருக்குப் பொருந்தியதைப்போல் வேறு யாருக்கும் பொருந்தவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: கோவல்யோவ், கோவாலென்கோ ஆகியவையும் கொல்லனைக் குறிப்பவை என்கிறார்களே?

பதில்: ஆம். 'கொவாத்' என்ற ரஷ்ய வினைச்சொல்லுக்கு இரும்பை அடித்து உருவாக்குதல் என்று பொருள். உக்ரைனிலும் பெலாரஸிலும் தென் ரஷ்யாவிலும் கொல்லனைக் 'கோவல்' என்றே அழைத்தார்கள். கோவல்யோவ், கோவாலென்கோ, கோவல்சுக் எல்லாம் அங்கிருந்து வந்தவை. போலந்தின் கோவால்ஸ்கியும் அதே வேரினர்.

இதில் ஒரு சுவையான கணக்கும் உண்டு. பெயராய்வாளர் விளதீமிர் நிக்கோனோவ், எந்தக் குடும்பப்பெயர் எங்கே மிகுதி என்று பார்த்து, ஐரோப்பிய ரஷ்யாவை நான்கு நிலங்களாகப் பிரித்தார். வடமேற்கில் இவானோவ், வோல்காவின் மேற்பகுதியில் ஸ்மிர்னோவ், வடக்கே போபோவ், மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே குஸ்னெட்சோவ். ஆங்கிலேயரிடையே ஸ்மித் முதலிடத்தில் இருக்க, ரஷ்யாவில் கொல்லன் பெயர் இவானோவையும் ஸ்மிர்னோவையும் அடுத்தே பெரும்பாலான பட்டியல்களில் நிற்பதற்குக் காரணம், தெற்கில் அவன் பங்கில் பெரும்பகுதியைக் கோவல்யோவ் எடுத்துக்கொண்டதுதான்.

'ஓவ்' இல்லாமல் குஸ்னெட்ஸ் என்று மட்டும் வருவதும் உண்டு. 1971இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற சைமன் குஸ்னெட்ஸ், இன்றைய பெலாரஸின் பின்ஸ்க் நகரில் பிறந்த யூதர்.

கேள்வி: இப்பெயர் கொண்டவர்களில் உண்மையிலேயே கொல்லர் வழிவந்தவர் என்று அறியப்பட்டவர் உண்டா?

பதில்: பீங்கான் குஸ்னெட்சோவ்கள் அப்படிப்பட்டவர்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே, களிமண்ணுக்குப் பெயர்போன க்ஷேல் வட்டாரத்தில் யாக்கொவ் குஸ்னெட்சோவ் என்ற விவசாயி கொல்லுப்பட்டறையும் மர வியாபாரமும் நடத்தி வந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் குடும்பம் பீங்கான் தொழிலுக்கு மாறியது. 1832இல் துல்யோவோவில் தொழிற்சாலை எழுந்தது. பின்னர் ரிகாவிலும் ஒன்று எழுந்தது. 1846இல் பிறந்த மத்வேய் குஸ்னெட்சோவ் காலத்தில் அது பேரரசின் மிகப் பெரிய பீங்கான் நிறுவனமாக வளர்ந்தது. வெர்பில்கியில் இருந்த புகழ்பெற்ற கார்ட்னர் தொழிற்சாலையையும் அவரே வாங்கினார். பழைய திருச்சபைச் சடங்குகளைக் கைவிடாத 'பழைய நம்பிக்கையாளர்' பிரிவைச் சேர்ந்தவர் அவர்.

அந்தத் தட்டு ஒன்றைக் கையில் எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்புறத்தில் வளைவாக 'எம். எஸ். குஸ்னெட்சோவ் கூட்டு நிறுவனம்' என்று ரஷ்ய எழுத்தில் முத்திரை இருக்கும். அரசவைக்குப் பொருள் வழங்கும் உரிமை கிடைத்த பிறகு செய்தவற்றில் இரட்டைத் தலைக் கழுகும் சேர்ந்திருக்கும். மேற்புறத்தில் பெரும்பாலும் அகலமான ரோஜாக்கள். அரண்மனைக்கான கலங்களையும், குடியானவன் வீட்டு மேசைக்கான மலிவுக் கிண்ணத்தையும், மத்திய ஆசியத் தேநீர்க் கடைகளுக்கான குடுவையையும் ஒரே நிறுவனம் செய்தது என்பதில்தான் அதன் வெற்றி இருந்தது. மத்வேய் 1911இல் இறந்தார். புரட்சிக்குப் பின் தொழிற்சாலைகள் அரசுடைமையாயின. துல்யோவோ தொழிற்சாலைக்குப் 'பிராவ்தா' நாளிதழின் பெயரைச் சூட்டினார்கள்.

கேள்வி: கலை, இலக்கியத்தில் இப்பெயர் உண்டா?

பதில்: ஓவியர் நிக்கொலாய் குஸ்னெட்சோவ் 1893இல் ஒடேசாவில் இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியை எதிரில் அமர வைத்துத் தீட்டிய உருவப்படம் இன்று மாஸ்கோவின் திரெத்தியாகோவ் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதே ஆண்டு இறுதியில் சைகோவ்ஸ்கி மறைந்தார் என்பதால் அந்த முகத்தை அவ்வளவு எளிதில் கடந்துபோக முடிவதில்லை. ஓவியரின் மகள் மரீயா குஸ்னெட்சோவா பெயர்பெற்ற ஓப்பரா பாடகி. கீவ் நகரின் பாபி யார் பள்ளத்தில் நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த படுகொலையை எழுதிய அனதோலி குஸ்னெட்சோவ், 1966இல் தணிக்கை வெட்டுகளுடன் வெளியான தம் நூலின் முழுக் கையெழுத்துப் படியைப் புகைப்படச் சுருளில் மறைத்துக்கொண்டு 1969இல் பிரிட்டனில் தஞ்சம் புகுந்தார். அதே பெயரில் ஒரு திரைப்பட நடிகரும் உண்டு, அவர் வேறு.

கேள்வி: குஸ்பாஸ் நிலக்கரி வயலுக்கும் இப்பெயருக்கும் தொடர்பு உண்டா?

பதில்: ஒரே வேர்தான், ஆனால் குடும்பப்பெயர் வழியாக வந்ததன்று. மேற்குச் சைபீரியாவின் தெற்கே வாழும் ஷோர் மக்கள் அக்காலத்தில் இரும்பு உருக்குவதில் வல்லவர்களாக இருந்தார்கள். அங்கு சென்ற ரஷ்யர்கள் அவர்களைக் 'கொல்லத் தாத்தார்கள்' என்று அழைத்தார்கள் (தாத்தார் என்பது துருக்கிய மொழி பேசும் மக்களுக்கு ரஷ்யர்கள் இட்ட பொதுப்பெயர்). 1618இல் அங்கே கட்டிய கோட்டைக்குக் குஸ்னெட்ஸ்க் என்று பெயர் வந்தது. அருகே கிடைத்த நிலக்கரிப் படுகை அந்த ஊரின் பெயரால் குஸ்பாஸ் ஆனது. எழுத்தாளர் தொஸ்தொயெவ்ஸ்கியின் முதல் திருமணம் 1857இல் அவ்வூர்த் தேவாலயத்தில்தான் நடந்தது. இன்று அந்நகரம் நோவோகுஸ்னெட்ஸ்க், அதாவது புதுக் குஸ்னெட்ஸ்க். மாஸ்கோவிலும் 'குஸ்னெட்ஸ்கி மோஸ்த்', அதாவது கொல்லர் பாலம், என்றொரு தெரு இருக்கிறது. அரசின் பீரங்கி வார்ப்புச் சாலையை ஒட்டிக் கொல்லர்கள் குடியிருந்த இடம் அது. நெக்லின்னாயா ஆற்றை நிலத்தடியே செலுத்தியபோது பாலமும் புதைந்துவிட்டது. பெயர் மட்டும் நின்று, 1975இல் திறந்த மெட்ரோ நிலையத்துக்கும் வந்தது.

கேள்வி: என் பேத்தி ரஷ்யப் படப் புத்தகம் ஒன்றில் வெட்டுக்கிளிப் படத்தின் கீழ் 'குஸ்னேச்சிக்' என்று எழுதியிருப்பதைக் காட்டினாள். இதுவும் கொல்லனா?

பதில்: கொல்லனேதான். 'குஸ்னேச்சிக்' என்றால் சின்னக் கொல்லன். கோடைக்காலப் புல்வெளியில் அது இடைவிடாமல் எழுப்பும் ஒலி, ஊர் ஓரத்து உலைக்களத்தில் சிறு சுத்தியல் விழும் ஓசைபோலக் கேட்டதால் அப்பெயர் வைத்தார்கள் என்பர். பேத்தியிடம் அப்படியே சொல்லுங்கள்.