எந்தப் பிஸ்டல், எந்தச் சைட்? ஏர் பிஸ்டல் கேள்வி-பதில்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பற்றித்தான். அதிலும் பெரும்பாலானவை பிஸ்டலை வாங்குவது, சைட்டைத் (குறிபார்க்கும் பாகத்தை) திருத்துவது, கைப்பிடியைச் செதுக்குவது பற்றியவை. இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மகளுக்கு 12 வயது. கிளப் பிஸ்டலில் பழகுகிறாள். சொந்தமாக ஒன்று வாங்கச் சொல்கிறார் கோச். ஸ்டெயரா, மோரினியா, வால்தரா? எது நல்லது சார்?

மூன்றும் நல்லதுதான். ஃபைன்வெர்க்பாவ், பார்டினியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் எதையும் இடுக்கியில் இறுக்கி வைத்துச் சுட்டால், குண்டுகள் ஒரே துளையில் போய் விழும். அந்தத் துல்லியத்தைத் தாண்டிச் சுடும் கை உலகத்தில் கிடையாது. அதனால் பெயரைப் பார்த்து வாங்க வேண்டாம், மகளின் கையைப் பார்த்து வாங்குங்கள்.

கடையிலோ கிளப்பிலோ ஒரு சோதனை செய்து பாருங்கள். குண்டில்லாத பிஸ்டலைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு கையை இலக்கின் உயரத்துக்குத் தூக்கச் சொல்லுங்கள். ஒரு மூச்சு விட்டதும் கண்ணைத் திறக்கட்டும். பேரல் முனையிலுள்ள ஃப்ரண்ட் சைட் தானாகவே பின்பக்க ரியர் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் வந்து நிற்கிறதா? நின்றால் அந்தக் கைப்பிடி அவளுக்கு ஒத்துவரும். ஒவ்வொரு முறையும் மணிக்கட்டை வளைத்துத்தான் நேராக்க வேண்டியிருக்கிறது என்றால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

அப்புறம் எடை. விதிப்படி 1500 கிராம் வரை போகலாம். முழு அளவு பிஸ்டல்கள் பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டியே இருக்கும். 12 வயதுத் தோளுக்கு அதுவே அதிகம். பல நிறுவனங்கள் பேரல் குட்டையான, எடை குறைந்த வகையும் தருகின்றன. அதை எடுங்கள். கைப்பிடி மிகச் சிறிய அளவில் இருக்கட்டும். கை வளர்ந்ததும் கைப்பிடியை மட்டும் மாற்றலாம், பிஸ்டலை மாற்ற வேண்டாம். புதிது என்றால் செலவு லட்ச ரூபாயைத் தாண்டும், ஆகவே பழையது வாங்குவதில் தவறே இல்லை. ஆனால் சீல், ஓ-ரிங் போன்ற உதிரிபாகங்கள் நம் ஊரில் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். என் அனுபவத்தில் பெற்றோர் கேட்க மறக்கும் கேள்வி இது.

உரிமம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 4.5 மி.மீ. காலிபரில் (குழாயின் உள்விட்டம்), 20 ஜூலுக்கு மேல் போகாத ஏர் பிஸ்டலுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டியதில்லை. போட்டிப் பிஸ்டலின் ஆற்றல் 6 ஜூலை ஒட்டித்தான் இருக்கும். இருந்தாலும் சீரியல் எண் போட்ட பில்லின் நகல் பிஸ்டல் பெட்டிக்குள் எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி: ஃப்ரண்ட் சைட் 4, 4.5, 5 மி.மீ. என்று மூன்று அகலத்தில் கிடைக்கிறது. எதைப் போடுவது? ஒவ்வொரு ஷாட்டுக்கும் ரியர் சைட்டைத் திருகிக்கொண்டே இருக்கிறேன், நிலையாக வரவில்லை.

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். சைட் ஏன் முக்கியம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

10 மீட்டர் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 8 மி.மீ. இப்போது உங்கள் கை ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சைட்டும் நேர்கோட்டில் இருந்தபடியே பிஸ்டல் மொத்தமாக 5 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால், குண்டும் 5 மி.மீ. மட்டுமே விலகும். குண்டின் விளிம்பு வளையத்தைத் தொட்டாலே புள்ளி உண்டு என்பதால், அதுவும் பத்துதான்.

அதுவே பிஸ்டல் நகராமல் மணிக்கட்டு லேசாகத் திரும்பினால்? இரண்டு சைட்டுக்கும் நடுவே சுமார் 330 மி.மீ. தூரம் இருக்கும். ஃப்ரண்ட் சைட் பள்ளத்தின் நடுவிலிருந்து கால் மி.மீ. விலகினால் போதும், 10 மீட்டரில் அது ஏறத்தாழ எட்டு மி.மீ. ஆகிவிடும். ஒரு வளையம் போயிற்று. கால் மி.மீ. என்பது சாதாரண நோட்டுத்தாள் இரண்டு, மூன்றை அடுக்கினால் வரும் கனம். இலக்கின் நடுவிலுள்ள கறுப்பு வட்டம் ஆடுவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இந்தக் கால் மி.மீட்டரைக் கவனிப்பதில்லை.

ஆகவே கண்ணின் கூர்மை முழுவதும் ஃப்ரண்ட் சைட்டின் மேல்விளிம்பில் இருக்க வேண்டும். இலக்கு மங்கித் தெரியட்டும், அப்படித்தான் தெரிய வேண்டும். கறுப்பின் அடியைத் தொட்டுக் குறிபார்க்காதீர்கள். கீழே உள்ள வெள்ளையில், கறுப்புக்கும் சைட்டுக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டு நிறுத்துங்கள். கறுப்பைத் தொட்டு நிறுத்தினால் கண் தானாக அங்கே ஓடிவிடும்.

இனி அகலம். 59.5 மி.மீ. கறுப்பு வட்டம், ஃப்ரண்ட் சைட் இருக்கும் தூரத்துக்குக் கணக்கிட்டால் ஆறு மி.மீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தெரியும். 4.5 போட்டால் அந்த வட்டத்தில் முக்கால் அகலம் வரும். பெரும்பாலானோருக்கு அதுவே சரி. கண் சீக்கிரம் களைப்பவர்களும் வயதானவர்களும் 5 போடலாம். பள்ளத்தின் இரு பக்கமும் தெரியும் வெளிச்சக் கீற்று தாராளமாக இருக்கட்டும். இழை போலச் சுருக்கி வைத்தால் துல்லியம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் கீற்று அவ்வளவு மெலிந்தால் இடது, வலது வித்தியாசத்தைக் கண் கண்டுபிடிக்கவே திணறும். இன்னொன்று: ஃப்ரண்ட் சைட் தள்ளி இருப்பதால், 4.5 மி.மீ. என்பது ரியர் சைட் இருக்குமிடத்தில் 3 மி.மீட்டராகத்தான் தெரியும். ரியர் சைட்டின் எண் சிறியதாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

திருகும் விஷயம். ஐந்து ஷாட் சுடுங்கள். ஐந்தும் எங்கே கூடுகின்றன என்று பாருங்கள். அந்தக் கூட்டத்தின் நடுவை வைத்துத்தான் திருக வேண்டும், தனி ஷாட்டை வைத்து அல்ல. குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ, ரியர் சைட் அந்தப் பக்கம் நகர வேண்டும். திருகில் உள்ள எழுத்தின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். புதிய பிஸ்டலில் நான்கு கிளிக் திருகி, ஐந்து ஷாட் சுட்டு, எந்தப் பக்கம் போயிற்று என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். போட்டியில் பதற்றத்தில் எதிர்ப்பக்கம் திருகுவது எல்லா மட்டத்திலும் நடக்கிறது.

கேள்வி: ரெட் டாட் சைட் (சிவப்பு ஒளிப்புள்ளி காட்டும் சைட்) மாட்டிப் பழகலாமா?

உலகத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் பிஸ்டல் போட்டிகளில் திறந்த சைட் மட்டுமே செல்லும். லென்ஸ், ஒளிப்புள்ளி எதுவும் பிஸ்டலில் இருக்கக் கூடாது. நகர்ந்துகொண்டே சுடும் ஐ.பி.எஸ்.சி. போட்டிகளில் அதற்கென்று தனிப் பிரிவுகள் உண்டு, அது வேறு விளையாட்டு. பயிற்சிக்கு எப்போதாவது வைத்துப் பார்ப்பதில் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் சைட் இரண்டையும் நேராக்கும் வேலையையே அது உங்களிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. மேலே சொன்ன கால் மி.மீ. பாடத்தை அது கற்றுத்தராது. எனக்கு அதில் விருப்பமில்லை.

கேள்வி: வயது 48. கண்ணாடி போட்டால் இலக்கு தெரிகிறது, சைட் மங்குகிறது. படிக்கும் கண்ணாடி போட்டால் இரண்டும் மங்குகிறது. இந்த வயதில் முடியுமா?

தாராளமாக முடியும். பாரிஸில் துருக்கியின் யூசுஃப் டிகெச் கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வாங்கினார். அப்போது அவருக்கு வயது 51. போட்டிருந்தது சாதாரணக் கண்ணாடி, இரண்டு கண்ணையும் திறந்து வைத்துத்தான் சுட்டார்.

படிக்கும் கண்ணாடி 40 செ.மீ. தூரத்துக்கானது. உங்கள் ஃப்ரண்ட் சைட் கண்ணிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டரில் இருக்கிறது. கண் பரிசோதகரிடம், "தூரப் பார்வைக்கு உள்ள பவரோடு +0.5 அல்லது +0.75 கூட்டிச் சோதனை ஃப்ரேமில் போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பிஸ்டலைக் கடைக்கு எடுத்துப் போக வேண்டாம். ஒரு குச்சி முனையில் 4.5 மி.மீ. அகலத்துக்குக் கறுப்பு டேப் ஒட்டி, ஒரு மீட்டர் தூரத்தில் யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள். டேப்பின் விளிம்பு கூர்மையாகவும், எதிர்ச் சுவரில் இருக்கும் எழுத்துப் பலகை மங்கலாக, ஆனால் இருக்குமிடம் புரியும் அளவிலும் தெரிந்தால் அதுதான் உங்கள் லென்ஸ். பைஃபோகல், புரோகிரஸிவ் இரண்டும் வேண்டாம். தலை சற்றே அசைந்தாலும் பவர் மாறிவிடும். சாதாரண ஃப்ரேமில், தலையைத் திருப்பி நிற்கும்போது லென்ஸின் மூக்கோரம் வழியாகப் பார்க்க நேரும். லென்ஸைப் பார்வைக்கு நேராகத் திருப்பி வைக்கும் ஷூட்டிங் ஃப்ரேம் அதற்காகத்தான். மூடும் கண்ணுக்கு மறைப்பு வைத்தால், அதன் அகலம் 30 மி.மீட்டரைத் தாண்டக் கூடாது.

கேள்வி: வலது கை, ஆனால் இடது கண் ஆதிக்கம். இடது கைக்கு மாறட்டுமா?

வேண்டாம். ரைஃபிள் என்றால் யோசிக்க வேண்டிய விஷயம். பிஸ்டல் கை நீட்டிய தூரத்தில் இருக்கிறது. தலையைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பி இடது கண்ணாலேயே பார்க்கலாம், அல்லது அதற்கு மறைப்பு போட்டு வலதைப் பழக்கலாம். இரண்டையும் சில வாரம் பார்த்துவிட்டு, கழுத்து இறுகாத வழியைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: கைப்பிடி உள்ளங்கையில் சில இடத்தில் அழுத்துகிறது, சில இடத்தில் தொடவே இல்லை. நானே செதுக்கலாமா? என்ன தடை?

செதுக்கலாம், செதுக்கத்தான் வேண்டும். உள்ளங்கையில் டால்கம் பவுடரை மெல்லியதாகப் பூசி, சுடும்போது பிடிப்பது போலவே ஒரு நிமிடம் பிடித்து விடுங்கள். மரத்தில் பவுடர் அழுந்தி ஒட்டிய இடம் அழுத்தும் இடம். பவுடர் ஒட்டாமல் மர நிறத்திலேயே இருப்பது தொடாத இடம். அழுத்தும் இடத்தை 120 உப்புத்தாளால் கொஞ்சமாகத் தேய்த்து, 240-ஆல் வழவழப்பாக்குங்கள். அதோடு நிறுத்திவிட்டு ஒரு வாரம் சுட்டுப் பாருங்கள். தேய்த்த மரம் திரும்ப வராது. தொடாத இடத்துக்கு எம்-சீல் பிசைந்து ஒட்டி, கையில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு பிடித்தால் உங்கள் கையின் அச்சே விழும்.

முதலில் பார்க்க வேண்டியது, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள வளைவு கைப்பிடியின் உச்சியில் முட்டி உட்கார்கிறதா என்பது. அடுத்தது, ட்ரிகர் விரல் எங்குமே மரத்தில் உரசக் கூடாது. உரசினால் விரலை இழுக்கும்போது பிஸ்டலும் சேர்ந்து திரும்பும். கைப்பிடியின் அடியில் கையைத் தாங்கும் தட்டை, சுடத் தொடங்கி அரைமணி நேரம் கழித்துப் பொருத்துங்கள். நம் வெயிலில் கை வீங்கும். குளிர்ந்த கைக்கு இறுக்கினால் கடைசி பத்து ஷாட்டில் விரல் மரத்துப்போகும்.

தடைகள்: மணிக்கட்டு வெளிப்படையாக விடுபட்டு இருக்க வேண்டும். தட்டு கைப்பிடியோடு 90 டிகிரிக்குக் குறையக் கூடாது, மேல்நோக்கி வளைந்தும் கையைக் கவ்வக் கூடாது. மொத்தப் பிஸ்டலும் 420 x 200 x 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். எம்-சீலை இரு பக்கமும் அப்பியவர்கள் மாட்டுவது அந்த 50-இல்தான். வீட்டிலேயே ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

கேள்வி: ட்ரிகரைச் சரியாக 500 கிராமுக்கு வைத்தேன். சோதனையில் தேறவில்லை. ஏன்?

சரியாக 500-இல் வைத்ததுதான் காரணம். 510, 520 என்று வையுங்கள். அந்தச் சிறிய வித்தியாசம் விரலுக்குத் தெரியாது. சோதிக்கும்போது பேரல் செங்குத்தாக மேலே பார்க்க, 500 கிராம் எடையை ட்ரிகரின் நடுவில் மாட்டி மேசையிலிருந்து மெதுவாகத் தூக்க வேண்டும். காற்று ஏற்றி, காக் செய்த (சுடத் தயாரான) நிலையில்தான் சோதிக்க வேண்டும். வீட்டில் வெறுமனே சோதித்துவிட்டு வருகிறவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். போட்டி முடிந்த கையோடும் திடீர்ச் சோதனை உண்டு. அதில் தேறாவிட்டால் தகுதிநீக்கம்தான். இரண்டு கட்ட ட்ரிகரில் முதல் கட்டத்துக்கு 350 முதல் 400 கிராம், மீதி இரண்டாவதுக்கு என்று பிரித்தால் தொடக்கக்காரருக்குச் சௌகரியம்.

கேள்வி: எலக்ட்ரானிக் ட்ரிகர் நல்லதா, மெக்கானிக்கலா?

எலக்ட்ரானிக் மிகச் சுத்தமாக விழும், டிரை ஃபயர் (குண்டில்லாமல் சுட்டுப் பழகுவது) செய்யவும் சுகம். மெக்கானிக்கலைக் கிளப்பிலேயே கழற்றிச் சரிசெய்ய ஆள் இருப்பார். பழுது பார்க்கும் இடம் தூரத்தில் இருந்தால் மெக்கானிக்கலையே எடுங்கள். எதை எடுத்தாலும் மாற்று ஏற்பாடு வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி, பொன்னான நிமிடங்கள் போயின. 575 எடுத்து 12-ஆம் இடத்தில் நின்றார், இறுதிச் சுற்று கைநழுவியது. 75 நிமிடத்தில் 60 ஷாட் என்பது கேட்கத் தாராளம், பழுது வந்தால் தெரியும்.

கேள்வி: பழைய பிஸ்டல் வாங்கினேன். காற்றுச் சிலிண்டரில் 2013 என்று இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். 200 பார் அழுத்தம் தாங்கும் பொருள் அது. பெரும்பாலான நிறுவனங்கள் தயாரித்த நாளிலிருந்து 10 ஆண்டுதான் தருகின்றன. காலாவதியான சிலிண்டருக்குப் போட்டியிலும் இடமில்லை. புதியது வாங்குங்கள், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கேள்வி: எந்தப் பெல்லட் (குண்டு) சார்? தலை அளவு 4.49, 4.50 என்று பார்த்து வாங்க வேண்டுமா?

தலை தட்டையான மேட்ச் பெல்லட், சுமார் அரை கிராம் எடை. ஆர்.டபிள்யூ.எஸ்., எச் அண்ட் என் இரண்டும் நம்பகமானவை. 60 ஷாட்டில் 600-க்கு 550-ஐ நிலையாகத் தொடும்வரை தலை அளவை நினைத்து உறங்காமல் இருக்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் இன்னும் நாலு டப்பா வாங்கிச் சுடுங்கள். அதற்குப் பிறகு பிஸ்டலை இடுக்கியில் இறுக்கி, ஒவ்வொரு அளவிலும் பத்துப் பத்துச் சுட்டு, எது சிறிய துளை தருகிறதோ அதே தயாரிப்பு எண்ணில் மொத்தமாக வாங்கி வையுங்கள். பெல்லட் ஈயம் என்பதை மறக்காதீர்கள். சுட்டு முடித்தால் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் டிபன் டப்பாவைத் திறக்க வேண்டும். பிள்ளைகளிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.