நான்கு ஆன்டெனா வைத்தும் வேகம் ஏன் இரட்டிக்கவில்லை?

கேள்வி: வீட்டில் இரண்டு ஆன்டெனா கொண்ட வைஃபை ரவுட்டரை எடுத்துவிட்டு, நான்கு ஆன்டெனா உள்ள ஒன்றை வைத்தேன். கடைசி அறையில் முன்பெல்லாம் காணொளி அழைப்பு அடிக்கடி அறுபடும்; இப்போது அறுபடுவதில்லை. ஆனால் கைபேசியில் வேகத்தைச் சோதித்தால், பழையதைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். ஆன்டெனா இரட்டித்தால் வேகமும் இரட்டிக்க வேண்டாமா? ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாறவில்லை. அழைப்பு அறுபடுவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதுதான் கொடுத்த காசுக்குக் கிடைத்த பலன். பல ஆன்டெனாக்களின் முதல் வேலை இணைப்பைக் காப்பது. வேகம் அதற்கு அடுத்தபடிதான் என்பது என் உறுதியான கருத்து.

ரவுட்டரிலிருந்து கிளம்பும் அலை சுவரிலும் தரையிலும் அலமாரியிலும் பட்டுத் தெறித்து, பல வழிகளில் வந்து சேர்கிறது. ஒன்றின் முகடும் இன்னொன்றின் அகடும் சந்திக்கும் இடத்தில் சிக்னல் ஏறக்குறைய அணைந்துவிடும். இதை மங்கல் என்கிறோம். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 12.5 செ.மீ. அதில் பாதி, அதாவது மூன்று விரற்கடை தூரம் கைபேசியை நகர்த்தினாலே பள்ளத்திலிருந்து மேட்டுக்கு வந்துவிடலாம். 5 கிகாஹெர்ட்ஸில் 3 செ.மீ. போதும். நடந்துகொண்டே பேசும்போது குரல் விட்டுவிட்டுக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நேர்ப்பாதை இல்லாமல், தெறித்த அலைகள் மட்டுமே வந்து சேரும் சூழலை ராலே பரவல் என்ற நிகழ்தகவுக் கணக்கைக் கொண்டு கணக்கிடுகிறோம். அதன்படி, சிக்னலின் திறன் சராசரியில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே விழும் வாய்ப்பு 1 விழுக்காடு. சிறிய எண்தான், ஆனால் ஓர் அழைப்பைக் கெடுக்க அது தாராளமாகப் போதும். ஒன்றையொன்று சாராமல் மங்கும் இரண்டு ஆன்டெனாக்கள் இருந்தால், இரண்டும் ஒருசேர அந்தப் பள்ளத்தில் விழும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. நான்கு இருந்தால் பத்துக் கோடியில் ஒன்று! எத்தனையோ முறை போட்டுப் பார்த்த கணக்கு இது. இன்றும் எனக்கு வியப்பு தீரவில்லை.

இதையே டெசிபலில் பார்க்கலாம் (ஒவ்வொரு 10 டெசிபலும் திறனில் பத்து மடங்கு). ஒவ்வொரு பிட்டையும் அலையின் இரு நிலைகளில் ஒன்றாக அனுப்பும் எளிய இருநிலைப் பண்பேற்றத்தில், ஆயிரம் பிட்டுக்கு ஒரு பிழை என்ற தரத்தை எட்ட, மங்கலே இல்லாத தடத்தில் சுமார் 7 டெசிபல் சிக்னல்-இரைச்சல் விகிதம் (இரைச்சலைவிடச் சிக்னல் எத்தனை மடங்கு வலுவானது என்ற அளவு) போதும். ராலே மங்கலில் ஒற்றை ஆன்டெனாவுக்கு 24 டெசிபல் தேவை. வாங்கும் பக்கம் இரண்டு ஆன்டெனா வைத்து, இரண்டிலும் வந்ததை முறையாகச் சேர்த்தால் 11 டெசிபலிலேயே வேலை முடிந்துவிடுகிறது. ஓர் ஆன்டெனாவைச் சேர்த்ததால் மிச்சமாகும் திறன் இருபது மடங்கு. வாங்கும் பக்கம் ஒரே ஆன்டெனா இருந்தாலும், அனுப்பும் பக்கத்து இரண்டு ஆன்டெனாக்களைக் கொண்டே இந்தக் காப்பைப் பெற முடியும் என்று 1998-இல் அலமூட்டி என்ற பொறியாளர் காட்டினார். திறனை இரண்டாகப் பகிர்வதால் 3 டெசிபல் மட்டும் இழப்பு.

இனி வேகம். ஆன்டெனாக்களில் வெவ்வேறு தரவுகளை ஒரே நேரத்தில் அனுப்பினால் வேகம் பெருகும். 1990-களில் பெல் ஆய்வகத்தில் டெலட்டாரும் ஃபோஷினியும் நிறுவிய முடிவு இது: வலுவான சிக்னலும் நிறையத் தெறிப்பும் உள்ள இடத்தில், கொள்ளளவு, அதாவது பிழையின்றி அனுப்பக்கூடிய உச்ச வேகம், இரு பக்கங்களில் எதில் ஆன்டெனா குறைவோ அந்த எண்ணிக்கைக்கேற்ப வளரும். கைபேசிகளில் பெரும்பாலும் வைஃபைக்கு இரண்டே ஆன்டெனாக்கள்தான். ஆகவே ரவுட்டரில் நான்கு இருந்தாலும் எட்டு இருந்தாலும், உங்கள் கைபேசிக்கு இரண்டு தரவோட்டங்களுக்கு மேல் போகாது. கடைசி அறையில் சிக்னல் மெலிந்திருப்பதால் ரவுட்டர் தானாகவே ஒற்றை ஓட்டத்துக்கு இறங்கியிருக்கவும் கூடும். அப்போது மீதி ஆன்டெனாக்கள் அந்த ஓர் ஓட்டத்தைக் காக்கும் வேலையில் இருக்கின்றன.

காப்பு, வேகம் இரண்டையும் முழுதாக ஒருசேரப் பெற முடியாது என்பதை 2003-இல் ஜெங், சே என்ற இரு ஆய்வாளர்கள் கணிதமாகவே நிறுவினார்கள். ரவுட்டரில் நான்கு, கைபேசியில் இரண்டு ஆன்டெனா என்ற உங்கள் அமைப்பில் எட்டுப் பாதைகள் உண்டு. எட்டையும் காப்புக்கே செலவிடலாம். வேகத்தை உச்சத்துக்குத் தள்ளினால் அந்தக் காப்பு முழுவதும் கரைந்துவிடும். வீட்டில் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிறீர்கள் என்றால் கதை சற்று மாறும்: ரவுட்டரும் கைபேசிகளும் அந்த வசதி உள்ளவையாக இருந்தால், நான்கு ஆன்டெனாக்கள் இரண்டு கைபேசிகளுக்கு ஒரே சமயத்தில் தரவு அனுப்பும்.

மேலே சொன்ன கணக்கெல்லாம் ஆன்டெனாக்கள் ஒன்றையொன்று சாராமல் மங்கினால்தான் பலிக்கும். நெருங்கி நின்றால் எல்லாம் ஒரே பள்ளத்தில் சேர்ந்து விழும். அறைக்குள் அரை அலைநீள இடைவெளி பொதுவாகப் போதும். உயரமான கோபுரத்தில் அலைகள் குறுகிய கோணத்துக்குள் வருவதால் பத்து அலைநீளம் வரைகூடத் தேவைப்படும். உங்கள் ரவுட்டரில் ஆன்டெனாக்களைத் திருப்ப முடிந்தால், நான்கையும் ஒரே மாதிரி நிமிர்த்தி வைக்காதீர்கள். இரண்டு செங்குத்தாக நிற்கட்டும், மற்ற இரண்டை நன்றாகச் சாய்த்துவிடுங்கள். முனைவாக்கம், அதாவது அலை அதிரும் திசை, மாறும்போது மங்கலும் வேறுபடும். ஆன்டெனா தன் நுனி நோக்கும் திசையில் மிகக் குறைவாகவே கதிர்வீசும் என்பதால், நுனிகள் எல்லாம் கடைசி அறையை நோக்கிவிடக் கூடாது. உலோக அலமாரிக்குள் ரவுட்டரை வைப்பது பெரும் தவறு.

பிறகு கடைசி அறையில் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே இடத்தில் ஒருமுறை அளப்பது இங்கே பயன்படாது. கைபேசியை ஒரு சாண், ஒரு சாணாக நகர்த்திப் பத்து இடங்களில் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரியை விட்டுவிட்டு, பத்தில் மிகக் குறைந்த எண்ணைப் பாருங்கள். பழைய ரவுட்டரை மாட்டி அதே இடங்களில் அளந்து ஒப்பிடுங்கள். அந்த எண் உயர்ந்திருந்தால் ஆன்டெனாக்கள் மங்கலை வென்றிருக்கின்றன. புதிய ரவுட்டரிலும் பத்து எண்களும் ஒன்றுபோலத் தாழ்ந்தே இருந்தால், அங்கே சிக்கல் மங்கல் அல்ல, சுவரின் தடுப்பு. நான்கு ஆன்டெனாக்களுக்கும் அதே சுவர்தான் குறுக்கே நிற்கிறது; எட்டு ஆன்டெனா ரவுட்டர் வாங்கினாலும் பெரிய மாற்றம் தெரியாது. அந்த நிலையில் அறைக்கு அருகே இன்னொரு வைஃபை அணுகுமுனையை (ஆக்சஸ் பாயின்ட்), முடிந்தால் கம்பி வழியாக இணைத்து, வைத்துவிடுங்கள்.